ஒற்றைக் கொம்பு

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவேன். அதை அணைப்பேன். பல் தேய்ப்பேன். காபி போடுவேன், ஒரு டம்ளர். முந்தின நாள் தேய்த்து வைத்த சட்டையை மாட்டிக்கொள்வேன். பிறகு பால்கனிக் கதவைத் திறந்து செடியைப் பார்ப்பேன். தொடமாட்டேன். கதவைச் சாத்திவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

செடி என்று சொல்வது பழக்கத்தில். அந்த நாட்களில் அது ஒரு மொட்டைக் குச்சி. யாரோ கைத்தடியைத் தொட்டியில் ஊன்றிவிட்டு மறந்துபோன மாதிரி நிற்கும். கள்ளிமந்தாரையில் ஒரு வகை. ஆஸ்பத்திரி வாசலிலும் பூங்காவிலும் நிற்கிற கள்ளிமந்தாரை இல்லை. இதன் இலை விரல் அகலம்தான். எங்கோ ஒரு தீவில், பாறை இடுக்கில் வளர்வது. பூ சின்னது, வாசனை பெரிது என்று என் மனைவி படித்திருந்தாள். எங்களுக்குத் தெரிந்த யாரும் அதை முகர்ந்ததில்லை. செடிப் பைத்தியங்கள் கூடுகிற ஒரு குழுவில் கெஞ்சிக் கூத்தாடி விதை வாங்கினாள். முளைத்ததில் ஒன்றுதான் தங்கியது. எங்களுக்குக் கல்யாணமானபோது அது ஈர்க்குச்சி. அவள் போனபோது என் இடுப்புயரம்.

முதல் பூ பூக்கும்வரை அது கிளை விடாது. ஒற்றைக் கொம்பாகவே ஏறும். கிளை இல்லை என்றால் ஒடித்து இன்னொரு தொட்டியில் வைக்கவும் வழியில்லை. இது போனால் போனதுதான்.

குளிர் வந்தபோது இலைகள் மஞ்சளாகி விழுந்தன. அது தூங்குகிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அவள் சொல்லிக் கேட்டதுதான். தூங்கும்போது தண்ணீர் கூடாது. தெரிந்தும் விழுந்த இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு வெயில் திரும்பியது. ஒரு காலை, கொம்பின் நுனியில் நகத்தளவு பச்சை தெரிந்தது. அடுத்த வாரம் அது கூர்மையாகி, இலை இல்லை, பூந்தண்டுதான் என்று ஆனது. அது பூக்கவேண்டும். வேறு எதுவும் வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. காலையில் கதவைத் திறக்கும்போது ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வேன். திறந்து, நுனி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். நாள் முழுக்க அது இல்லாமல் போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அவள் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் என்றார்கள். உள்ளே போனவள் வரவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அத்தை, அவள் அம்மா, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை? ஏதாவது சொன்னாளா?"

"செடியப் பத்தித்தான்" என்றேன். "பாத்துக்கச் சொன்னா."

அத்தை அதைத் தன் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் ஊர்ச் சொந்தம் எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் என்னிடமே ஒருவர் வந்து, "'அம்மா, என் செடிய உன் கையில ஒப்படைக்கிறேன்'னு அவ அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டுக் கண்ண மூடினாளாமே" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அத்தை இருந்தது அடுத்த தெருவில். தனி ஆள். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. நான் வேலைக்குப் போன பிறகு வருவார், நான் திரும்புவதற்குள் போய்விடுவார். தரை துடைத்திருக்கும். சமைத்து மூடி வைத்திருப்பார், இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு. அவர் கை அப்படி. அவர் பரிமாறினால் தட்டில் பாதி இருக்கும்போதே அடுத்த கரண்டி விழும். போதும் என்ற சொல் அவர் காதில் ஏறாது. ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் புழங்கினோம், சந்தித்துக்கொள்ளாமல். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

என் வேலை தராசு சரிபார்ப்பது. கடை கடையாகப் போய், பித்தளை எடைக்கற்களைத் தராசில் வைத்து, அது காட்டுவது சரியா என்று பார்த்து முத்திரை போடவேண்டும். இந்த வேலையில் கை தானாகப் பழகிவிடும். ஒரு பையைத் தூக்கினால் என்ன எடை என்று கை சொல்லும். பெரும்பாலும் சரியாகவே சொல்லும். அவள் என்னிடம் தக்காளிப் பையைக் கொடுத்து, "சொல்லு பாக்கலாம்" என்பாள். பிறகு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள்.

ஒரு விடுமுறை நாள் காலை போன் வந்தது. பல் டாக்டர். அவளுடைய செடிக் கூட்டாளி. கிளினிக் மொட்டை மாடி முழுக்கக் கள்ளிமந்தாரை வளர்க்கிறவர். வாய் ஓயாத பெண்மணி.

"மொட்டு வந்துச்சான்னு கேட்டேன், பதிலே காணோம். நீங்களும் அவள மாதிரி கஞ்சப் பிசினாறியா? ஒரு போட்டோகூடவா குடுக்கமாட்டீங்க?"

"பூந்தண்டு மாதிரி இருக்கு."

"மாதிரியா? வெளிச்சத்துக்குத் திருப்பி வச்சு எடுத்து அனுப்புங்க. அப்படியே அடித் தண்ட விரலால அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கணும்."

தொட்டியைத் திருப்பக் குனிந்தேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன்.

கை நின்றுவிட்டது.

மூன்று மாதமாகத் தண்ணீர் காணாத தொட்டி. உள்ளே பாதி மணல், பாதி கருகின உமி. அது இந்த எடை இருக்கக் கூடாது. இறக்கி வைத்தேன். மறுபடி தூக்கினேன். கை அதையே சொன்னது. ஊரெல்லாம் எடை பார்க்கிறவன் வீட்டிலிருந்த ஒரே தொட்டியை இத்தனை நாள் தூக்கிப் பார்க்கவில்லை. தொடாமலிருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

மேலே பார்த்தேன். மாடி வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிறதோ? குழாய் காய்ந்திருந்தது. மழையும் இல்லை. மேல் மண்ணைத் தொட்டேன், உலர்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டேன். முதல் கணுவுக்குக் கீழே சில்லென்று இருந்தது.

முன்கதவில் சாவி திரும்புகிற சத்தம். எனக்கு விடுமுறை என்பது அத்தைக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றினார். நேராகச் சமையலறைக்குப் போனார். குழாய் திறந்தது, மூடியது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஐயோ, மாப்பிள்ளை! இன்னிக்கு லீவா? மூச்சே காட்டாம உக்காந்திருக்கீங்க."

நான் டம்ளரைப் பார்த்தேன்.

"தினமும் ஊத்தறீங்களா அத்தை?"

"பின்ன? நீங்க ஊத்தற மாதிரி தெரியல. நானும் எத்தனை நாள் பாக்கறது? இலையெல்லாம் கொட்டிப்போயி, தாகத்துல காஞ்சு நிக்குது. உங்கள ஒண்ணும் குறை சொல்லல. உங்களுக்கு உங்க நெனப்பே இல்ல, செடி நெனப்பு எங்கேருந்து வரும்? ஒரு டம்ளர்தான். அதுக்கு அப்புறம்தான் பாருங்க, நுனியில பச்ச தெரிஞ்சுச்சு." அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அது கலைந்தது. "ஏன்? என்ன?"

அடித் தண்டைக் கட்டை விரலால் அமுக்கினேன். பழுத்த பழம் மாதிரி உள்ளே போனது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் இந்தமுறை கேலி பேசவில்லை. "அழுகல் கீழேருந்து மேல ஏறும். நுனிக்கு வர்றதுக்குள்ள வெட்டணும். சாயந்தரம்லாம் வேண்டாம். இப்பவே தூக்கிட்டு வாங்க."

வாடகைக் காரில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, நுனியில் கார்க்கூரை இடிக்காமல் கையால் மறைத்துக்கொண்டு வந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "என்ன சார், குச்சிக்கு இவ்ளோ மரியாதை?" ஒவ்வொரு பள்ளத்திலும் கார் குலுங்கியபோது கொம்பு அடியில் லேசாக ஆடியது. முன்பெல்லாம் அது ஆடாது. அத்தையும் பார்த்துவிட்டார். கையை அதன் மேல் வைக்கப் போனவர், மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் ஒருவர் நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்திருந்தார். டாக்டர் எங்களைப் பார்த்ததும் அவரை எழுப்பினார்.

"ஊசி போட்டாச்சுல்ல? நல்லா மரத்துப் போகட்டும். அதுவரைக்கும் அந்தப் பெஞ்சுல உக்காருங்க. எனக்கு ஒரு அவசர கேஸ்."

அவர் ஒரு பக்கக் கன்னம் தொங்க எங்கள் தொட்டியைப் பார்த்தார். "இதுவா கேஷு?"

"உங்களுக்கு வாயில முப்பத்திரண்டு இருக்கு சார். இதுக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் விட்டுக்குடுங்க."

தரையில் செய்தித்தாள் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார். மண் கட்டியாக விழுந்தது. வேர் என்று ஒன்றும் இல்லை. கறுப்பாக ஒரு சேறு. சாக்கடையைக் கிளறினால் வருகிற நாற்றம் அறை முழுக்க எழுந்தது. அந்தச் செடியிலிருந்து நான் முகர்ந்த முதல் வாசனை அதுதான்.

கொம்பைக் கழுவி, நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில் கிடத்தினார். தலைக்கு மேலிருந்த விளக்கை அதன் மேல் இழுத்துவிட்டார். சின்ன ரம்பத்தால் அடியை அறுத்தார். உள்ளே காபிப் பொடி நிறம். கத்தியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். கொஞ்சம் மேலே அறுத்தார். அதே நிறம்.

"நல்ல இடம் வந்தா வெள்ளையா இருக்கும். பால் வழியும்" என்றார். "பால் வர்ற வரைக்கும் போகணும்."

அறுத்தார். துடைத்தார். அறுத்தார். வெள்ளரிக்காய் வில்லைகள் மாதிரி தட்டில் சேர்ந்தன. வெளி வளையம் வெள்ளையாகியது, நடுவில் மட்டும் பழுப்பு வட்டம். அந்த வட்டம் காசளவு, பிறகு பொத்தானளவு. கொம்பு சாண் நீளத்துக்கு வந்துவிட்டது. அவள் வருஷக்கணக்கில் வளர்த்தது வில்லை வில்லையாகத் தட்டில் கிடந்தது. நான் வில்லைகளைப் பார்க்கவில்லை. மிச்சமிருப்பதை மட்டும் பார்த்தேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் இருந்தவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

பொத்தான், மிளகு. அடுத்த வெட்டில் கடுகு.

அதற்கடுத்த வெட்டில் ஒன்றும் இல்லை. சுத்த வெள்ளை. ஒரு கணம் கழித்து ஓரத்தில் ஒரு துளி பால் அரும்பியது. பிறகு சுற்றிலும் அரும்பி வழிந்தது.

"ஹப்பா" என்றார் பெஞ்சுக்காரர். வாய் கோணியிருந்ததால் அது வேறு ஏதோ மாதிரி கேட்டது.

மிச்சம் இருந்தது என் நடுவிரல் நீளம். அதன் தலையில் அந்தப் பூந்தண்டு.

"சாதாரணக் கள்ளிமந்தாரை ஒண்ணு தொட்டியில தயாரா இருக்கு. அதோட தலைய வெட்டிட்டு இத ஒட்டிடலாம்" என்றார் டாக்டர். "ஆனா பூத்தண்ட எடுத்துடணும்."

"எடுக்கணுமா?" என்றார் அத்தை.

"வேரே இல்லாத குச்சிம்மா. உடம்புல இருக்கற சத்தையெல்லாம் பூவுக்குக் குடுத்துட்டு அது செத்துப்போகும். பூக்கவும் பூக்காது, மொட்டு சுருங்கி விழுந்துடும். சுவர் இருந்தாத்தானே சித்திரம்?"

"இது பூக்கறதப் பாக்கணும்னுதானே அவ இத்தன வருஷம்..." அத்தை தட்டின் பக்கம் கை நீட்டினார். "வேண்டாம்மா. அத மட்டும் விட்டுடுங்க. மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். கத்தியைப் பூந்தண்டின் அடியில் வைத்திருந்தார். இன்னும் பத்து, பதினைந்து நாளில் அது விரிந்திருக்கும். அந்த வாசனையை நான் முகர்ந்திருப்பேன். எனக்கு அது மட்டும் போதும் என்றிருந்தது.

"வெட்டுங்க" என்றேன்.

அத்தை சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாத்துக்கன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா. நான் பாத்துக்கிட்ட லட்சணத்தப் பாருங்க. என் கையாலயே கொன்னுட்டேன்."

"அத்தை. அவ அப்படிச் சொல்லல."

அவர் நிமிர்ந்தார். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, "பேச்ச அப்புறம் வச்சுக்கங்க. பால் காயுது" என்றார்.

அடியை ஆப்பு மாதிரிச் சீவினார். மற்றதன் தலையைப் பிளந்து இதைச் செருகினார். ரப்பர் நாடாவால் இறுக்கினார். ஒரு கையுறையின் விரலை வெட்டி, ஈரம் போகாமலிருக்க, ஒட்டின கொம்புக்கு மேல் மாட்டி நூலால் கட்டினார். தொட்டியிலிருந்து ஒரு வெள்ளை விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"சேர்ந்துச்சுன்னா பக்கத்துல பச்சையா முளைக்கும். சேரலன்னா சுருங்கிக் கறுக்கும். அதுவரைக்கும் யாரும் ஆட்டக் கூடாது." பெஞ்சுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "வாங்க சார். மரத்துப்போச்சா?"

வெட்டின பூந்தண்டை அத்தை கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் அவர் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வேலையிலிருந்து வந்தேன். தரை துடைத்திருந்தது. சாப்பாடு மூடி வைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய சாவி இருந்தது.

அதன் பிறகு அவர் வரவில்லை.

காலையில் அதே வேலைகள். அலாரம், காபி, சட்டை, கதவு. இப்போது அந்த வெள்ளை விரலைப் பார்ப்பேன். உள்ளே நிழலாகக் கொம்பு தெரியும். சுருங்கியிருக்கிறதா, அது வெறும் நிழலா? குனிந்து பார்ப்பேன், பக்கவாட்டில் பார்ப்பேன். ஒரு நாள் அடியில் கறுப்பு தெரிந்தது. டாக்டருக்குப் படம் அனுப்பினேன். "அது நூலோட நிழல். போய் வேலையப் பாருங்க" என்றார். ஒரு கடையில் எடைக்கல்லை வைத்துவிட்டு எண்ணைப் படிக்க மறந்து நின்றேன். "என்ன சார், என் தராசு அவ்ளோ அழகாவா இருக்கு?" என்றார் கடைக்காரர்.

தண்ணீர் ஊற்றினது அத்தையின் கை. ஊற்றவைத்தது என் வாய். அவர் அழுதுகொண்டு நின்றபோது நான் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னேன். மாற்றிச் சொன்னதை அவர் தினமும் ஒரு டம்ளராக நிறைவேற்றினார். இதை அவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். அடுத்த தெருதான். கொம்பு செத்துவிட்டால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன்.

ஒரு காலை கையுறை விரலின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. நூலை அவிழ்த்தேன். கொம்பு வழவழவென்று இருந்தது. வெட்டின நுனிக்குக் கீழே, ஒரு பக்கத்தில் கிளி மூக்கு மாதிரி ஒரு பச்சை. எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. இரண்டு.

வேலைக்குப் போகவில்லை. போன் செய்தேன். "அத்தை, வந்து பாருங்க."

அழைப்பு மணி அடித்தது. அவரிடம் சாவி இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பால்கனிக் கதவுவரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"கிட்ட வாங்க அத்தை."

"வேண்டாம். இங்கேருந்தே தெரியுது. ரெண்டு." கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தப் பூத்தண்ட தண்ணியில வச்சேன். ஒண்ணும் விரியல. காஞ்சுபோச்சு."

"அடுத்த வருஷம் பூக்கும்."

"பூக்கட்டும்." பார்வையை எடுக்காமலே கேட்டார். "மாப்பிள்ளை. அன்னிக்கு அவ அப்படிச் சொல்லலன்னீங்க. என் மனசு ஆறட்டும்னு சொன்னீங்களா?"

"இல்ல. நிஜமாவே சொல்லல."

"அப்ப என்னதான் சொன்னா?"

"வருத்தப்படுவீங்க."

"இனிமேலா?"

அவிழ்த்த நூலை விரலில் சுற்றினேன்.

"எடை பாக்கற ஆளுதானே நீங்க? கூட்டாம குறைக்காம சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே."

அன்று ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சர் ஒரு நிமிஷம் நின்றது. அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கதவு திறந்தது. நடைபாதைக் கோடியில் அத்தை பையோடு ஓடிவந்துகொண்டிருந்ததை அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். என்னை அருகில் வரச்சொல்லிக் கையசைத்தாள். குனிந்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதில் சொன்னாள்:

"இங்க பாரு, எங்கம்மாவ மட்டும் அந்தச் செடிகிட்ட விட்டுடாத. ஊத்தி ஊத்தியே கொன்னுடும்."